ஊசியிலை மரங்களின் இலைக் காப்பு

தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் முதலிய ஊர்களிலுள்ள குடியானவர்களிடம் ஊசி போன்ற இலையையுடைய மரம் யாது என்று வினவினால், பெரும்பாலோர் சவுக்கையே சுட்டிக் காட்டுவர். கண்ணுக்குத் தோன்றும் அளவில் அது பொருந்தும். ஆயினும் தாவர சாஸ்திர முறைப்படி சவுக்கு ஊசியிலை வர்க்கத்தைச் சேர்ந்ததன்று. அதில் ஊசிபோலத் தொங்குவது இலையே அன்று. கணுக்களோடு கூடிய பசிய சிறு கிளையாகும். ஒன்றைப் பறித்து இரு நுனிகளையும் பிடித்து மெல்ல இழுத்தால் கணுவில் கழன்றுவிடும். கழன்ற இடத்தை உற்று நோக்கினால் பற்களைப் போன்ற மிகச் சிறிய செதில்கள் வட்டமாய் அமைந்திருக்கக் காணலாம். அச்செதில்களே சவுக்கின் மெய்யான இலைகள்.

உண்மையான ஊசியிலை மரங்கள் பூ என்று சொல்லத்தக்க பூவைப் பூப்பதில்லை. அவற்றின் விதை பழச் சதைக்குள் மறைந்து உண்டாவதுமில்லை. பெரும்பாலும் செதில்கள் அடுக்கிய கூம்பு ஒன்றில் வெளிப்படையாய் உண்டாகின்றது. இமயமலையிலுள்ள பைன், ஃபர், தேவதாரு ஆகியவையும், உதகமண்டலத்தில் நட்டு வளர்க்கப்பட்டுள்ள சைப்ரஸும், நமது ஊர்ப் பங்களாத் தோட்டங்களில் அழகுக்காக வைக்கும் துஜாவும், கிறிஸ்துமஸ் மரம் எனப்படும் அரௌகேரியாவும் இவ்வர்க்கத்தைச் சேர்ந்தவை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊசி தோன்றும் சவுக்கு ஊசியிலை மரம் அன்றாயிருக்க, தென்காசிக்கு மேற்கேயும் தெற்கேயும் உயர்ந்து நிற்கும் மலைகளுக்கே உரித்தான ஊசியிலை வர்க்க மரம் ஒன்றுக்கு ஊசியிலையே கிடையாது! நிரம்பாலி என்றும் நரம்பாலி என்றும் வழங்கும் அம்மரத்தைச் சாஸ்திரிகள் நாகேயா வாலிச்சியானா என்பர். கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் மேற்பார்வையாளராயிருந்த நத்தானியேல் வாலிச் என்பாரின் பெயரை அது தாங்கியுள்ளது. தென்னிந்தியாவில் மனிதர் நடாமல் இயற்கையாய் முளைத்து வளரும் ஊசியிலை வர்க்க மரம் இஃதொன்றே. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைத் தொடரில், சுமார் 3,000 அடி முதல் 5,000 அடி வரை உயரமுள்ள ஈரச் சோலைகளில் இது வாழும். ஆகையால் குற்றாலத்து அருவிக்கரையில் இதைத் தேடிப் பயனில்லை. அஸ்ஸாம், பர்மா, மலேயா முதலிய நாடுகளிலும் இது உண்டு. இதன் இலை அகன்றும் தோல்போல் தடித்தும் நான்கைந்து அங்குல நீளமுள்ளதாயும் இருக்கும். மா இலைக்கும் அரச இலைக்கும் உள்ளதுபோன்ற நடு நரம்பு இதற்கு இல்லை. மூங்கில் இலையிற்போல் மெல்லிய பல நரம்புகள் அடியிலிருந்து நுனிவரை இணையாய் ஓடும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு.

இவ்வர்க்கத்து மரங்களின் இலைகளைப் பூச்சிகளும் கால்நடைகளும் அதிகமாய்த் தின்பதில்லை. அதற்குக் காரணமான ரசாயன வஸ்துக்கள் யாவை, அவை பயிர் செய்வோருக்கும் மாடு வளர்ப்போருக்கும் எவ்வகையில் சம்பந்தப்பட்டவை என்பதைக் குடியானவர்கள் அறிந்திருப்பது அவசியம். அறியாமையால் சினைப் பசு கன்றை இழக்கும்படி நேரிடலாம் என்பது கீழே விளக்கப்படும்.

பிசின் என்னும் முதற்காவல்

நெற்பயிர் தன் இலையைச் சில வாரங்களுக்கே வைத்திருக்கின்றது. ஓர் இலையைப் புழு தின்றால் வேறோர் இலையை விரைவில் விட்டுவிடும். ஊசியிலை மரமோ தன் இலையை இரண்டு மூன்று வருஷங்கள், சில ஜாதிகளில் அதற்கும் மிகுதியான வருஷங்கள், உதிர்க்காமல் வைத்துக் காப்பாற்றுகின்றது. வளமில்லாத மலைச் சரிவில் ஒவ்வோர் இலையும் அரிதில் தேடிய முதலைப் போன்றது. முதல் போட்டவன் காவல் போடுவது இயற்கையே.

பைன் இலை ஒன்றைக் குறுக்கே மெல்லிய சீவலாகச் சீவிப் பூதக்கண்ணாடியால் நோக்கினால், அதனுள் நீளவாட்டில் ஓடும் நுண்ணிய குழாய்கள் இரண்டோ அதற்கு மேற்பட்டோ வட்டத் துவாரங்களாய்த் தென்படும். இவை பிசின் குழாய்கள். குழாயைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் பிசினைச் சுரந்து அதனுள் அழுத்தமாய் நிரப்பி வைக்கின்றன. பூச்சி கடித்துக் குழாய் அறுபட்டதும் பிசின் பீறிட்டு வெளிவந்து அதன் வாயை ஒட்டவைக்கும். இப்பிசினில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று, காற்றில் பறந்துபோகும் தைலப் பங்கு. பைனீன், காரீன், லிமொனீன் என்னும் வஸ்துக்கள் இதில் அடங்கும். வர்ணப் பூச்சுக்காரர் உபயோகிக்கும் டர்ப்பன்டைன் இதுவே. மற்றொன்று, தைலம் பறந்தபின் எஞ்சி இறுகும் கட்டிப் பங்கு. பிடில் வில்லுக்குத் தேய்க்கும் ரோசனம் இதிலிருந்தே கிடைப்பது. தைலம் பூச்சியை மயக்கவும் விரட்டவும் செய்கின்றது. கட்டிப்பிசின் காயத்தை மூடிக் காளான் நோய்கள் உள்ளே புகாமல் தடுக்கின்றது. ஒரே மருந்தில் விஷமும் கட்டுத்துணியும் சேர்ந்திருப்பதைப் போன்ற ஏற்பாடு இது.

பைன் மரத்தைக் காணாதவர்களுக்கு இதை விளங்கவைக்கப் புளியங்குடி எலுமிச்சையே போதும். எலுமிச்சை இலை ஒன்றைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஊசி குத்தியதுபோன்ற ஒளிப்புள்ளிகள் இலை முழுதும் தெரியும். அவை தைலப் பைகள். கசக்கினால் எழும் வாசனைக்குக் காரணமான வஸ்துக்களில் லிமொனீனும் ஒன்று. பைன் இலைத் தைலத்திலுள்ள அதே லிமொனீன். மலைத்தோட்டங்களில் பயிராகும் கிராம்பு, ஜாதிக்காய், லவங்கப்பட்டை ஆகியவற்றின் மணமும் இத்தகைய காப்பிலிருந்து பிறந்ததே. மனிதன் விரும்பிச் சேர்த்துக்கொள்ளும் மணங்களிற் பல, பூச்சிக்கு எதிராக மரம் செய்துகொண்ட ஏற்பாடுகள் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

ஆயினும் எக்காவலையும் மீறும் திருடன் உண்டு. எலுமிச்சை இலையை அத்தனை தைலத்தோடும் தின்று கொழுக்கும் புழுவைத் தோட்டக்காரர் யாவரும் அறிவர். இளம் பருவத்தில் பறவையின் எச்சம்போலவும் வளர்ந்தபின் பச்சையாகவும் இருக்கும் அப்புழுவைத் தொட்டால், தலைக்குப் பின்னிருந்து செந்நிறமான கவட்டுக் கொம்பு ஒன்றை நீட்டித் துர்நாற்றம் வீசும். பைன் மரத்திலும் இவ்வாறே ஒரு திருடன் இருக்கின்றான். ரம்ப ஈ எனப்படும் பூச்சியின் புழு பைன் இலையைத் தின்னும்போது அதிலுள்ள பிசினை ஜீரணம் செய்யாமல், குடலின் முன்பாகத்திலுள்ள இரண்டு பைகளில் பிரித்து வைத்துக்கொள்கின்றது. எறும்போ சிலந்தியோ தாக்க வந்தால் அப்பிசினை வாயால் கக்கி எதிரியின்மேல் பூசிவிடுகின்றது. அமெரிக்க விஞ்ஞானி தாமஸ் ஐஸ்னரும் அவருடைய கூட்டாளிகளும் 1974-ம் வருஷத்தில் இதை விவரித்தனர். மரம் தன் காவலுக்குச் செய்த ஆயுதம் களவு போய்த் திருடன் கையிலேயே ஆயுதமாகிவிட்டது.

மரமும் வாளாவிருப்பதில்லை. அமெரிக்காவிலுள்ள ஜாக் பைன் என்னும் ஜாதியில், ரம்ப ஈயின் புழுக்கள் சென்ற வருஷத்து இலைகளைத் தின்று, நடப்பு வருஷத்துக் குருத்திலைகளை விட்டுவிடுவது வழக்கம். குருத்திலையில் மட்டும் மிகுந்துள்ள ஒருவகைப் பிசின் அமிலமே இதற்குக் காரணம் என ஆராய்ச்சியிற் கண்டுள்ளனர். நெடுநாள் உழைக்கவேண்டிய இளம் இலைக்கு மிகுந்த காப்பும், உதிரப்போகும் இலைக்குக் குறைந்த காப்பும் கொடுப்பது சிக்கனமான முறை என்பதில் ஐயமில்லை.

பிசினையன்றி, துவர்ப்புச் சத்தும் ஊசியிலைகளில் ஏராளமாய் உண்டு. கடுக்காயும் ஆவாரம்பட்டையும் தோலைப் பதனிடுவது எந்தச் சத்தால் நிகழ்கின்றதோ, அதற்கு இனமான சத்தே இது. தின்ற புழுவின் குடலில் இது மாமிசச் சத்தோடு பிணைந்து அதை ஜீரணமாகாதபடி செய்துவிடும். வயிறு நிறைந்தும் உடல் தேறாது.

இக்காப்புக்கள் யாவும் செலவில்லாமல் கிடைப்பன அல்ல. பிசினுக்கும் துவர்ப்புக்கும் செலவிடும் மாவுச்சத்து மரத்தின் வளர்ச்சியிற் குறையும். பயிர்களில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். மனிதன் தலைமுறை தலைமுறையாய்க் கசப்பும் துவர்ப்பும் குறைந்த விதைகளையே பொறுக்கி விதைத்து வந்திருக்கின்றான், விளைச்சல் பெருகிற்று. காட்டிலுள்ள இனங்களைப் புழு அவ்வளவாய்த் தீண்டாதிருக்க, தோட்டத்திலுள்ளவற்றைத் தேடி வருவதற்கு இதுவும் ஒரு முக்கிய காரணமாகும். புழுவை மட்டும் குறைகூறுவது நியாயமன்று.

பூச்சியின் பருவத்தைக் குலைக்கும் வஸ்துக்கள்

மேற்கூறியவை வெளிப்படையான ஆயுதங்கள். இவற்றிலும் நுட்பமானவை சில ஊசியிலை மரங்களில் உண்டு. அவை பூச்சியை உடனே கொல்வதில்லை; அதன் பருவ மாற்றத்தைக் குலைத்துவிடுகின்றன.

பூச்சியினங்கள் தோலுரித்து வளர்பவை என்பது யாவரும் அறிந்ததே. தோலுரிக்கும் தருணத்தை அவற்றின் உடலிற் சுரக்கும் எக்டைசோன் என்னும் ஒரு வஸ்து நிர்ணயிக்கின்றது. 1954-ம் வருஷத்தில் ஜெர்மனியில் பூட்டனான்ட், கார்ல்சன் என்னும் இருவர் 500 கிலோ பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களை அரைத்து அதிலிருந்து 25 மில்லிகிராம் எக்டைசோனைப் பிரித்தெடுத்தனர். அவ்வளவு அரிய பொருளாய் அது இருந்தது. பன்னிரண்டு வருஷங்களுக்குப் பின், 1966-ல், ஜப்பானிய ரசாயன சாஸ்திரி கோஜி நாகனிஷியும் அவருடைய கூட்டாளிகளும் தைவானில் வளரும் பொடோகார்ப்பஸ் ஜாதி மரம் ஒன்றின் இலையில் அதே வகையைச் சேர்ந்த வஸ்துவை மிகுதியாகக் கண்டனர். அதற்குப் போனாஸ்டீரோன் என்று பெயரிட்டனர். அம்மரம் நமது நிரம்பாலியின் குடும்பத்தைச் சேர்ந்தது. பூச்சி தன் உடலில் துளியிலும் துளியாய்ச் சுரக்கும் வஸ்துவை ஒரு மரம் தன் இலைகளிற் குவித்து வைத்திருப்பது அதிசயமே. அத்தகைய இலையைத் தின்னும் பூச்சி, காலமல்லாத காலத்தில் தோலுரிக்கத் தொடங்கி நிலைகுலையும்.

இவ்வறிவு பட்டுப்புழு வளர்ப்போருக்கு வேறொரு வழியிற் பயன்பட்டது. பழுக்கும் பருவத்துப் புழுக்கள் யாவும் ஏறக்குறைய ஒரே சமயத்திற் கூடு கட்டும்படி, தாவரங்களிலிருந்து எடுத்த இவ்வகை வஸ்துவை முசுக்கொட்டை இலையின்மேல் தெளித்துக் கொடுக்கும் முறையை மைசூரிலுள்ள மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையத்தார் வழக்கத்திற்குக் கொண்டுவந்தனர். தென்காசிப் பக்கத்தில் பட்டுப்புழு வளர்ப்போர் பலர் இருத்தலால் இங்கே குறிக்கப்பட்டது.

இதற்கு எதிரான வேலையைச் செய்யும் வஸ்து ஒன்று தெரியவந்த வரலாறு சுவையுடையது. ஐரோப்பாவில் லிண்டன் மரத்தடியில் வாழும் ஒருவகைச் செந்நிற நாவாய்ப்பூச்சியைப் பிராக் நகரத்தைச் சேர்ந்த கரேல் ஸ்லாமா என்பார் அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலைக்குக் கொண்டுபோய், கரோல் வில்லியம்ஸ் என்பாரின் ஆராய்ச்சிசாலையில் வளர்த்தார். பிராக்கில் ஐந்து பருவங்கள் கழிந்தபின் சிறகு முளைத்து முதிர்ந்த பூச்சிகள், ஹார்வர்டில் முதிராமல் ஆறாவது முறையும் குஞ்சாகவே தோலுரித்துப் பருத்து, இனவிருத்தி செய்யாமலே மடிந்தன. உணவு, நீர், ஒளி முதலிய யாவும் சோதிக்கப்பட்டன. கடைசியில் பாத்திரத்தின் அடியில் விரித்திருந்த காகிதமே காரணமென்று வெளிப்பட்டது. அமெரிக்கச் செய்தித்தாள்களின் துண்டுகளை இட்டபோதும் பூச்சிகள் முதிரவில்லை. லண்டன் டைம்ஸ் பத்திரிகையின் தாளை இட்டபோது குறைவின்றி முதிர்ந்தன! பத்திரிகைகளில் அச்சிட்டிருந்த விஷயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்கக் காகிதம் பால்சம் ஃபர் என்னும் ஊசியிலை மரத்திலிருந்து செய்யப்பட்டது. பூச்சியை என்றும் இளமையில் நிறுத்தும் வஸ்து அம்மரத்தில் இருந்து, காகித ஆலையின் கொதியையும் காரத்தையும் தாங்கித் தாளிலே தங்கியிருந்தது. 1965-ல் இது வெளியாயிற்று. அடுத்த வருஷம் அவ்வஸ்துவின் அமைப்பும் அறியப்பட்டு ஜுவாபியோன் என்று பெயரிடப்பட்டது.

சங்கரன்கோவில் கரிசற்காட்டில் பருத்தி பயிரிடுவோர் இதைக் கவனிக்கவேண்டும். இக்காகித வஸ்து எல்லாப் பூச்சிகளையும் தாக்குவதில்லை. மேற்சொன்ன நாவாய்ப்பூச்சியின் குடும்பத்தையே தாக்குகின்றது. வெடித்த பருத்திக் காயில் கூட்டமாய் மொய்த்துப் பஞ்சைக் கறைப்படுத்தும் சிவப்புப் பருத்தி நாவாய்ப்பூச்சி அக்குடும்பத்தைச் சேர்ந்தது. அதன்மீதும் இவ்வஸ்து வேலை செய்வதை 1966-ல் சக்ஸேனா, வில்லியம்ஸ் ஆகிய இருவரும் காட்டினர். தேனீக்கும் மனிதனுக்கும் கேடின்றிக் குறித்த பகைவனை மட்டும் ஒழிக்கும் மருந்து இருத்தல் கூடும் என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது. பிற்காலத்தில் ஆராய்ச்சிசாலைகளிற் செய்யப்பட்ட, பூச்சியின் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துகளுக்கு இம்மரம் ஒரு வழிகாட்டி என்னலாம்.

நாராவின் மான்களும் நாகி மரமும்

ஜப்பானில் நாரா நகரத்தில் கசுகா என்னும் புராதனக் கோயில் இருக்கின்றது. அதைச் சார்ந்த மான்கள் தெய்வத்தின் தூதுவராக மதிக்கப்படுவதால் எவரும் அவற்றைத் துன்புறுத்துவதில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட மான்கள் தம்மிச்சையாய்த் திரிந்து எட்டிய தழைகளையெல்லாம் மேய்கின்றன. அக்கோயிலுக்குப் பின்னுள்ள மிகாசா மலைச் சரிவில் ஒரு மரம் மட்டும் மற்றவற்றை ஒதுக்கிக்கொண்டு தோப்பாய்ப் பெருகிற்று. அது நாகி என்னும் மரம். நிரம்பாலிக்கு உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க நாகேயா ஜாதி. அதன் இலையும் அகன்று, நடு நரம்பின்றி இருக்கும். மான்கள் அதைத் தின்பதில்லை.

அவ்விலையிலிருந்து 1968-ல் ஜப்பானிய ரசாயன சாஸ்திரிகள் நாகிலாக்டோன் என்னும் கசப்பான வஸ்துக்களைப் பிரித்தெடுத்தனர். இவ்வகை லாக்டோன்கள் இக்குடும்பத்து மரங்கள் பலவற்றில் உள்ளன. ஈயின் புழுக்களைக் கொல்வதும், மற்றச் செடிகளின் முளைப்பையும் வளர்ச்சியையும் தடுப்பதும் இவற்றின் குணங்கள். உதிர்ந்த நாகி இலையிலிருந்து இவ்வஸ்துக்கள் மண்ணிற் சேர்ந்து, அடியில் வேறு செடிகள் எழும்பாதபடி செய்வதை 1990-களில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டின. மேயும் மானைத் தடுத்த அதே வஸ்து, பக்கத்தில் முளைக்கும் போட்டியாளனையும் தடுக்கின்றது.

இக்காட்சியில் மேய்ச்சல் நிலமுடையவர்களுக்குப் படிப்பினை உண்டு. ஓரிடத்தில் வரம்பின்றி மாடும் ஆடும் மேய்ந்தால், நல்ல தழையுள்ள செடிகள் ஒழிந்து, தின்னத்தகாத செடிகளே எஞ்சிப் பெருகும். நாராவில் மான்கள் நாகித் தோப்பை வளர்த்தன; நமது மலையடிவாரப் புறம்போக்குகளில் கால்நடைகள் உண்ணிச்செடியை வளர்க்கின்றன. ஆயுதம் ஏந்திய செடி எது என்பதை ஆடு மாடுகள் மனிதரைவிட நன்றாய் அறியும். ஆயினும் பசி மிகுந்த காலத்தில் அவ்வறிவு பயன்படாது.

சினைப் பசுக்களுக்கு நேரும் கேடு

அமெரிக்காவின் மேற்குப் பிரதேசங்களில் பாண்டெரோசா என்னும் பைன் மரம் பெருங்காடுகளாய் உள்ளது. பனிக்காலத்தில் புல் மறைந்தபோது பசுக்கள் அம்மரத்தின் இலைகளைத் தின்பதுண்டு. அவ்வாறு தின்ற சினைப் பசுக்கள், முக்கியமாய்ச் சினையின் கடைசி மூன்று மாதங்களில் உள்ளவை, கன்றை முன்கூட்டியே வீசிவிடுவதைப் பண்ணைக்காரர்கள் நெடுங்காலமாய் அறிந்திருந்தனர். காரணம் தெரியவில்லை. 1994-ல் அதற்குக் காரணம் ஐசோகுப்ரஸிக் அமிலம் என்னும் பிசின் இன வஸ்து என்று நிரூபிக்கப்பட்டது. இது கருப்பைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, கன்றுக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கின்றது. அதன் பயனாய்ப் பிரசவம் அகாலத்தில் தொடங்கும். கன்று இறந்தோ, உயிரோடிருந்தால் மிகவும் பலவீனமாகவோ பிறக்கும். நஞ்சுக்கொடி விழாமல் தங்கி, பசுவும் காய்ச்சலுற்று நலியும்.

அமெரிக்கப் பைன் மரத்துக்கும் நமது மாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. இதே அமிலம் மாக்ரோகார்ப்பா என்னும் சைப்ரஸ் ஜாதியிலும் இருக்கின்றது. நியூஜீலந்தில் அதன் தழையைத் தின்ற பசுக்கள் கன்று வீசியிருக்கின்றன. அந்த சைப்ரஸ் உதகமண்டலம் முதலிய நீலகிரி ஊர்களில் ஆங்கிலேயர் காலந்தொட்டு அழகு மரமாகவும் வேலியாகவும் காற்றுத் தடுப்பாகவும் நடப்பட்டுள்ளது. வேலியை வெட்டிச் சீர்செய்யும்போது கழியும் பசுந்தழையைக் காணும் மாட்டுக்காரன், தழை வீணாவானேன் என்று தொழுவத்தில் போடுவது இயல்பு. புயலிற் சாய்ந்த மரத்தின் தழையை மாடுகள் தாமே மேய்வதும் உண்டு. சமவெளியிலோ, சித்திரை வைகாசியில் வைக்கோலும் புல்லும் அருகும்போது, தோட்டங்களில் கத்தரித்துத் தள்ளிய துஜாவும் அரௌகேரியாவும் தொழுவத்துக்கு வந்துசேர இடமுண்டு.

எல்லா ஊசியிலை மரங்களிலும் இவ்வமிலம் ஒரே அளவில் இருப்பதில்லை என்பது மெய். ஆனால் தழையைக் கண்டமாத்திரத்தில் இதில் உண்டு, இதில் இல்லை என்று தொழுவத்தில் நின்று நிச்சயிக்க எவராலும் ஆகாது. ஆகையால் சினைப் பசுவுக்கும் சினை எருமைக்கும் ஊசியிலை வர்க்கத்தைச் சேர்ந்த எத்தழையையும், பச்சையாயினும் உலர்ந்ததாயினும், தீனியாகப் போடலாகாது. உலர்ந்தால் விஷம் நீங்கிவிடும் என்று எண்ணுவது தவறு; பறந்துபோவது தைலமே, அமிலம் இலையிலேயே தங்கும். பசுவின் படுக்கைக்காக விரிப்பதும் நல்லதன்று. பசித்த பசு படுக்கையையும் தின்னும். அத்தழையைத் தின்ற பசுவுக்கு மாதம் நிறையுமுன் மடி இறங்கினாலோ, சளிபோன்ற ஒழுக்குக் கண்டாலோ, தழையை உடனே நிறுத்திக் கால்நடை வைத்தியருக்குத் தெரிவிக்கவேண்டும். இவ்விஷத்தை முறிக்கும் மருந்து என்று தனியே ஒன்று இல்லை. பிறந்த கன்றுக்குச் சீம்பாலைக் காலந்தாழ்த்தாமல் புகட்டுவதும், தங்கிய நஞ்சுக்கொடியைக் கையால் பற்றி இழுக்காமல் வைத்தியரிடம் விடுவதுமே செய்யத்தக்கவை.

தாளிசபத்திரி

ஊசியிலை நமது வீடுகளுக்குள் வருவது ஒரு வழியில்தான். அது நாட்டு மருந்துக் கடை வழி. இருமலுக்கும் சுவாச காசத்துக்கும் சூரணங்களிற் சேர்க்கப்படும் தாளிசபத்திரி, இமயமலை ஃபர் மரத்தின் உலர்ந்த ஊசியிலையே. தைலமும் பிசினும் உள்ள இலையாதலால் அது அவ்வேலைக்கு உரியதாயிற்று. ஆனால் சில சந்தைகளில் இப்பெயராலேயே யூ என்னும் மரத்தின் இலையும் விற்கப்படுவதுண்டு. யூ மரத்தின் காப்பு வேறு வகை. அதன் இலையில் பிசின் குழாயே கிடையாது. அதற்குப் பதிலாக டாக்ஸீன் என்னும் கொடிய விஷம் உண்டு. அது இருதயத்தின் துடிப்பைக் குலைத்து மாடு, குதிரை, மனிதர் ஆகிய எவரையும் கொல்லவல்லது. புற்றுநோய்க்குரிய டாக்ஸால் என்னும் மருந்து, அதே இனத்து அமெரிக்க மரம் ஒன்றின் பட்டையிற் கண்டுபிடிக்கப்பட்டு, அதன் அமைப்பு 1971-ல் வெளியாயிற்று. பின்னர் அம்மருந்தைச் செய்வதற்கான மூலப்பொருள் யூ இலையிலிருந்தே எடுக்கப்பட்டமையால் மரத்தை வெட்டாமலே மருந்து பெற வழி பிறந்தது. வைத்தியசாலையில் அளந்து கொடுக்கும் மருந்து வேறு, இலையைப் பொடித்துத் தின்பது வேறு என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. ஃபர் இலையின் நுனி கூராயிராமல் சிறிது பிளவுபட்டிருக்கும். அடிப்புறத்தில் வெண்மையான இரண்டு கோடுகள் தெரியும். கசக்கினால் பிசின் மணம் எழும். யூ இலையின் நுனி கூர்மையாயிருக்கும். அடிப்புறம் வெளிறிய பச்சையாயிருக்குமேயன்றி வெண்கோடுகள் இரா. கசக்கினாலும் பிசின் மணம் தோன்றாது. தூளாய் அரைத்தபின் இவ்வடையாளங்கள் மறைந்துவிடுமாதலால் தாளிசபத்திரியைத் தூளாக வாங்காமல் முழு இலையாகவே வாங்குதல் நலம்.

தழை உரமாக உபயோகித்தல்

கடைசியாக, ஊசியிலைகளை எருவாக்குவதைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். பிசினும் துவர்ப்பும் பூச்சியைத் தடுப்பதுபோலவே மக்கச் செய்யும் நுண்ணுயிர்களையும் தடுப்பதால், இவ்விலைகள் மக்குவதற்கு நெடுங்காலம் பிடிக்கும். இவற்றில் தழைச்சத்து குறைவு. பச்சையாகவே வயலில் மிதித்தால், அவற்றை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் பயிருக்குச் சேரவேண்டிய தழைச்சத்தைத் தாம் எடுத்துக்கொள்ளும்; பயிர் வெளிறும். ஆகையால் நெல் வயலுக்குக் கொழிஞ்சி, ஆவாரை, வேம்பு, புங்கு ஆகியவற்றின் தழைக்குப் பதிலாக இவற்றை இடுவது பொருந்தாது.

ஆயின் எறிந்துவிடவும் வேண்டியதில்லை. சிறு துண்டுகளாய் நறுக்கி, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு பசுந்தழையும் சாணமும் கலந்து குழியிலிட்டு, ஈரம் குறையாமல் காத்து, மாதம் ஒருமுறை கிளறிவந்தால் தைலம் முதலிற் பறந்துபோகும். மற்றவை மெல்ல மெல்ல மக்கும். கையில் எடுத்துக் கசக்கிப் பார்க்கையில் பிசின் மணம் சற்றும் இல்லாமல் மண்வாசனை வீசினால்தான் எரு பக்குவப்பட்டது. ஐயமிருப்பின் ஒரு சட்டியில் அவ்வெருவை மண்ணோடு கலந்து வைத்துப் பத்துப் பதினைந்து கீரை விதைகளை விதைத்துப் பார்க்கலாம். வேறொரு சட்டியில் வெறும் மண்ணில் அதே அளவு விதைகளை விதைக்கவேண்டும். இரண்டிலும் ஒரேவிதமாய் முளைத்தால் எருவை வயலுக்குக் கொண்டுபோகலாம். எருச்சட்டியில் முளைப்புக் குறைந்தால் இன்னும் ஒரு மாதம் குழியிலேயே இருக்கவேண்டும். சவுக்கு உதிர்வை எருவாக்குவோரும், அது ஊசியிலை அன்றெனினும், துவர்ப்புச் சத்தும் மந்தமாய் மக்கும் குணமும் அதற்கும் உண்டாதலால், இதே சோதனையைச் செய்துகொள்வது நன்று.